ஒரு நூல்

கொக்குவிலில், தண்டவாளத்துக்கு இரண்டு வளவு தள்ளி
என் கராஜ்.
ஆறு மாதமாய் அதற்குள்
கூரையில்லாத ஒரு எம்.ஜீ.
பச்சை என்கிறது பதிவுப் புத்தகம்.
இப்போதைக்குச் செங்காவி பிறைமர்.

வலக்கதவு இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்தது,
எண்ணெய்த்தாள் சுற்றி, ஒருநாளும் எதிலும் தொங்காதது.
இடக்கதவை
உரும்பிராயில் ஒரு கோழிக்கூட்டிலிருந்து கழற்றினோம்.
கூட்டுக்காரர் காசு கேட்கவில்லை.
"பதிலுக்கு ஒரு கதவு தாங்கோ."
ஒட்டுப்பலகையில் அடித்துக் கொடுத்தேன்.
பதினெட்டு வருடம் கோழிகளுக்குத் திறந்து சாத்தியதில்
கூட்டின் கோணல் முழுதும் அதன் உடம்பில் ஏறியிருந்தது.

உள்தகட்டில் காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால்
குத்திய இலக்கம் ஒன்று.
காரின் இலக்கமேதான்.
இலக்கம் பொருந்தியது.
கதவு பொருந்தவில்லை.

பிணைச்சலின் மேல் போல்டைக் கால் திருகு இறுக்கினால்
பூட்டுப்பக்கம் குந்துகிறது.
கீழே ஒரு தகடு செருகினால்
முன்விளிம்பு மட்காட்டைக் கடிக்கிறது.
பழைய வாள் அலகுதான் என் அளவுகோல்.
சுற்றிவர அது வழுக்கிப் போகவேண்டும்,
ஒரு நூல் இடைவெளி, கூடாமல் குறையாமல்.
போகிறது, போகிறது,
கீழ்மூலையில் நிற்கிறது.
மேலே என் சுண்டுவிரலே போகிறது.

வேலியை ஒரு சாண் அரக்கியதற்குப்
பதினொரு வருடம் கோடேறிய ஒழுங்கை எங்களது.
இங்கே ஒரு நூலுக்கு
நானே வழக்காளி, நானே எதிராளி.
தவணை மட்டும் நாளைக்கு, நாளைக்கு.

கார் எமெல்டா அக்காவுடையது.
வங்கியில் இருந்து இளைப்பாறியவ.
கொடுத்த கடன் திரும்பாமல், ஈடாக வந்த கார்.
அதைப்பற்றி அவவிடம் ஒரு கதையும் இல்லை.
"ஓடவேணும்" என்பா. அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை
மெத்தையில்லாத இருக்கைச் சட்டத்தில்
மாச்சாக்கை மடித்துப் போட்டு
ஏறி இருந்தா.
சட்டம் மெல்ல முனகியது.
வலக்கதவின் கீழ்மூலையில் நின்ற அலகு
போனது.

"எழும்புங்கோ." நின்றது.
"இருங்கோ." போனது.

ஆறு மாதம் நான்
ஆளில்லாத காருக்குக் கதவு பூட்டியிருக்கிறேன்.

பிறகு தினமும் மூன்று மணிக்கு வந்தா,
குறுக்கெழுத்துப் புத்தகத்தோடு.
"அசையலாமோ?"
"மூச்சு விடலாம்."
"கபாடம். மூன்றெழுத்து. என்ன தம்பி?"
என் வாயில் போல்ட் இருந்தது.

வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம்?
"பக்கத்தில ஆரை ஏத்துவியள்?" என்று கேட்டேன்.
சாவி திருகுகிற அளவுக்குத்தான் கேட்டது.
அவ புத்தகத்தை மூடி வைத்தா.
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியது.
"அம்பது கிலோ போதும்.
அதைவிடப் பாரமான ஆளை
நான் இனி ஏத்துறதா இல்லை."

நிலத்துக்கு வாங்கிவைத்த சீமெந்துப் பையொன்றை
இடப்பக்கம் தூக்கி வைத்தேன்.
மூன்று நாள், ஏழு தகடு.
கடைசியாய் நானாக எதுவும் செய்யாத ஒரு பொழுதில்
பின்னேர ரயில் போக, நிலம் அதிர,
கதவு தானாய் வந்து
டொக்.
இங்கிலாந்துக் கதவுக்கு அந்தச் சத்தம் இன்னும் வரவில்லை.

வெள்ளோட்டத்துக்கு அவவே எடுத்தா.
இரண்டு விரலால் சாத்தினா.
படலை தாண்டும்போதுதான் கண்டேன்.
"அக்கா, பை! பையை இறக்கேல்லை!"
திரும்பாமலே கையை ஆட்டினா.
"இருக்கட்டும். இல்லாட்டிக் கதவு ஆடும்."

கூரையில்லாத கார்.
கீரிமலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.
சீமெந்து ஒருக்கால் நனைந்தால்
பிறகு அசைக்கேலாது என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவ கடவை தாண்டிவிட்டா.